தனிவழியே கண்டிக்கு

பிரயாணம் என்று சொன்னதும் நம்மவர் முதலிற் கேட்பது "எங்கே?" என்பதன்று, "யாரோடு?" என்பதே. கதிர்காமத்துக்குக் கூட்டமாகப் போகிறோம். நயினாதீவுக்குச் சமையற் பாத்திரம் உட்பட வீட்டையே வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போகிறோம். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் வான் பிடித்துப் போகிறோம். காரியம் ஒன்றுமின்றி, ஓர் ஊரைப் பார்த்து வரலாமென்று ஒருவர் தனியே புறப்பட்டால், வீட்டில் ஏதோ மனத்தாங்கல் என்று அயலார் தீர்மானித்துவிடுவர். புறப்பட்டவர் பெண்ணாகவும் இருந்துவிட்டால் அந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது.

நான் கொழும்பிலே தமிழ் கற்பிப்பவள். 2024ஆம் ஆண்டு மாசி மாதத்து வெள்ளியிரவு, விடைத்தாட் கட்டுகள் இரண்டைத் திருத்தி முடித்துக் கையைக் கழுவும்போது, கண்டிக்குப் போனால் என்ன என்று தோன்றிற்று. மனம் மாறுமுன்னே ஒரு பையிற் சேலை இரண்டை மடித்து வைத்தேன். சனி விடிந்தபோது கோட்டைப் புகையிரத நிலையத்தில் நின்றேன். கடுகதி வண்டியில் இடமில்லை என்றார்கள். எல்லா நிலையங்களிலும் நின்று போகும் வண்டியில் மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு, வலப்புறத்து யன்னலோரம் அமர்ந்தேன். கண்டிக்குப் போகிறவர் வலப்புறம் அமரவேண்டும். பள்ளத்தாக்கு அந்தப் பக்கத்திலேதான் விரிகிறது. வழிகாட்டி நூல்கள் சொல்லும் புத்திமதிகளுட் பெரும்பாலானவற்றை நான் மதிப்பதில்லை; இஃது ஒன்றை மதிக்கிறேன்.

ஏறத்தாழ 75 மைல் நீளமான இந்தப் பாதை 1867ஆம் ஆண்டு கண்டியை எட்டியது. மலை பார்க்க விரும்பியவருக்காக இதனை எவரும் போடவில்லை. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கே போட்டார்கள். அதுவரை கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளிற் பலநாள் கிடந்து கொழும்பு வந்தன. பாதை முடிந்த இரண்டாம் ஆண்டிலே, 1869இல், கோப்பி இலையிற் செம்மஞ்சள் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுள் கோப்பிப் பயிர் அடியோடு ஒழிந்தது. எந்தப் பண்டத்துக்காகப் பாதை போட்டார்களோ அந்தப் பண்டம் போயிற்று, பாதை மிஞ்சிற்று.

றம்புக்கனையைத் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கத் தொடங்கும். சுரங்கத்தின் இருள், பிறகு வெளிச்சம், மறுபடியும் இருள். ஒரு வளைவிலே பின்வரும் பெட்டிகளை நாமே பார்க்கலாம். எதிரே பத்தலேகல என்னும் தட்டை முடிக் குன்று, புத்தகத்தை மூடி வைத்தாற்போல நிற்கிறது. ஆங்கிலேயர் அதனைத் தங்கள் வேதப் புத்தகமாகவே கண்டு பெயரிட்டனர். எதிர் ஆசனத்து யாழ்ப்பாணத்து அம்மையார், மருமகள் பிள்ளைப்பேற்றுக்காகக் கண்டிக்குப் போகிறவர், என்னை நெடுநேரம் நிதானித்துப் பார்த்தார்.

"பிள்ளை தனியவோ போறீர்?"

"ஓம் அம்மா."

"அங்கை ஆரும் சொந்தக்காரரோ?"

"ஒருத்தரும் இல்லை. சும்மா பாக்கத்தான்."

அவர் இரண்டு இடியப்பமும் சம்பலும் எடுத்து வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினார். கேள்வி அத்தோடு நின்றது. இரக்கமோ அன்போ, இடியப்பம் நன்றாயிருந்தது.

பிலிமத்தலாவையில் வண்டி நின்றபோது, ஏனென்று தெரியாமலே இறங்கிவிட்டேன். திட்டமிட்டு வந்திருந்தால் இறங்கியிரேன். அங்கிருந்து தெற்கே போகும் வீதியிற் பித்தளைப் பட்டடைகளின் தட்டோசை கேட்டபடி நடந்தால், ஒரு பாறையின் தலையிலே கடலாதெனிய விகாரை. 1344ஆம் ஆண்டிலே கம்பளை அரசர் காலத்தில் எழுந்தது. பௌத்தக் கோயில்தான், ஆயினும் வாயிலில் நின்று பார்ப்பவருக்குத் தென்னாட்டுக் கற்றளி ஒன்றின் முன்னே நிற்பதாகவே தோன்றும். தூண்களும் போதிகைகளும் நமக்குப் பழகியவை. கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேசுவராசாரி எனக் கல்வெட்டுக் கூறுகிறது. உள்ளே புத்தர், பக்கத்தே விஷ்ணுவுக்குத் தனிச் சந்நிதி. பாறைக் குழிகளிலே தேங்கிய நீரில் அல்லி பூத்திருந்தது.

அங்கிருந்து இலங்காதிலகத்துக்கு இரண்டு மைலுக்குக் குறையாது. வயல்களுக்கிடையே போகும் வழி. வரம்பிலே கொக்கு, வெட்டிய மூங்கிலைத் தோளிற் சுமந்து போகும் பையன், நான் நிற்கும் போதெல்லாம் தானும் நின்று, நடக்கும்போது நடந்து, அரை மைல் வரை துணைவந்த ஒரு நாய். இவற்றை எழுதுவதற்கு ஒரு காரணமுமில்லை. தனியே நடப்பவருக்கு இவையே வழிப்பேச்சு.

பன்ஹல்கல என்னும் பாறையிலே செதுக்கிய படிகள் ஏறி மேலே சென்றால், வெள்ளைச் சுவர்களோடு இலங்காதிலகம். இதுவும் 1344ஆம் ஆண்டின் பணியே. ஸ்தபதி இராயர் என்பவர் கட்டியது. நடுவே புத்தர் இல்லம். அதனைச் சூழ்ந்து உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தகுமாரன் ஆகியோர்க்குச் சந்நிதிகள். பாறையிலே சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் இக்கோயிலுக்கு அறம் வகுத்தவர்கள் இரண்டு மொழியிலும் எழுதிவைப்பதே முறையெனக் கண்டார்கள். இந்நாட்டின் அண்மைக்காலச் சரித்திரத்தை அறிந்தவர்கள் அந்தப் பாறையருகிற் சிறிது நேரம் மௌனமாக நிற்பார்கள். நானும் நின்றேன்.

சீட்டுக் கொடுக்கும் முதியவர், "தனியமத?" என்று கேட்டார். தனியாகவா என்று பொருள். சிங்களத்திலும் அந்தச் சொல் நம் 'தனி'யே. சொல் நம்முடையது, கேள்வியும் நம்முடையது. ஆமென்றேன். அவர் தம் மர வாங்கிலின் பாதியை விட்டு நகர்ந்து இருந்து, "வாடிவென்ன" என்றார். உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த சிங்களமும் அவருக்குத் தெரிந்த தமிழும் கால்மணி நேரத்துக்குப் போதுமாயிருந்தன.

அதே 1344ஆம் ஆண்டிலேதான் இபின் பதூதா என்னும் மொரோக்கோ நாட்டுப் பிரயாணி மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்து, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, சிவனொளிபாத மலைக்கும் ஏறினார். இருபத்தொரு வயதிலே, 1325இல், தம் ஊராகிய தாஞ்சியரை விட்டுத் துணையெவருமின்றிப் புறப்பட்டவர் அவர். இலங்கைக்கு வருமுன்னே துருக்கி நாட்டுள்ளும் உலவினார். அங்கே அயலூரவரை விருந்தோம்புவதற்கென்றே 'அஃகி' என்னும் இளைஞர் சங்கங்கள் ஊர்தோறும் இருந்தன. இன்று தெனிஸ்லி என வழங்கும் நகரில், இத்தகைய இரு கூட்டத்தார், வந்தவரை யார் வீட்டுக்கு அழைப்பது என்பதற்காகவே கத்தியை உருவிக்கொண்டு நின்றார்களாம். கொள்ளையர் என்று நடுங்கிய பிரயாணிக்குப் பிறகுதான் அது விருந்துச் சண்டை என்று விளங்கிற்று. திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்த்தார்கள். பஞ்சுப் பொதிபோல வெண்சுண்ணப் படிகள் அடுக்கிய பமுக்கலே என்னும் மலைச்சரிவைப் பார்க்க உலகமே போகிறதே, அதற்கு அண்மையிலுள்ள நகரந்தான் இது. தனியே வந்தவனிடம் "ஏன் தனியே?" என்று கேளாமல் "எங்கள் வீட்டுக்கு வா" என்று அடித்துக்கொண்ட ஊர்!

எம்பெக்கையை நான் விரைந்தே பார்த்தேன், வெயில் ஏறிவிட்டது. கதிர்காமக் கடவுளுக்குரிய தேவாலயம். மேளமண்டபத்து மரத்தூண்களிலே அன்னமும், மல்லரும், பிள்ளைக்குப் பாலூட்டும் தாயும், இருதலைப் புள்ளும் செதுக்கப்பட்டுள்ளன. கூரையின் ஒரு கோடியில் இருபத்தாறு கைம்மரங்கள் ஒரே மர ஆணியில் வந்து கூடுகின்றன. அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோவதற்கு அந்த ஒன்றே தகும்.

பிற்பகல் பேராதனை. பூங்காவைப் பற்றி எழுதாதவர் இல்லையாதலால் நான் விடுகிறேன். மகாவலி மூன்று புறமும் வளைந்தோட, 147 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது என்பது போதும். என் கால்கள் பல்கலைக்கழகத்துக்கே இழுத்தன. தமிழ் கற்பிப்போர்க்கு அஃது ஒரு ஸ்தலம். பேராசிரியர்கள் க. கணபதிப்பிள்ளையும் சு. வித்தியானந்தனும் நடந்த நிழல் அது. ஊர்க்கொட்டகைகளில் ஆடப்பட்டு வந்த வடமோடிக் கூத்தை வித்தியானந்தன் இங்கே மாணவர்க்குப் பழக்கி, 1962இற் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என மேடையேற்றினார். அதற்குச் சிறிது முன்னரே சரச்சந்திரர் சிங்கள நாடகத்துக்கு அவ்வாறே புத்துயிர் தந்திருந்தார். இருவரும் ஒரே சாலையிலே நடந்தவர்கள். ஒருவர் மொழியின் கலையை மற்றவர் பார்த்தவர்கள். திறந்தவெளி அரங்கின் படியில் தனியே உட்கார்ந்திருந்தேன். ஆடுவாருமில்லை, பார்ப்பாருமில்லை, மாரை மரங்களில் மைனாக்கள் மட்டும் சபை கூட்டியிருந்தன.

இருட்டும் வேளையிற் கண்டி நகரில் ஒரு விடுதிக்குப் போனேன். பெயர் வேண்டா. கணக்குப்பிள்ளை என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயரையா, பிறந்த ஊரையா, தனிமையையா, எதனை வாசிக்கிறார் என்று முகத்தில் தெரியவில்லை. "தனிப் பெண்களுக்கு அறை கொடுக்கிறதில்லை" என்றார் முடிவாக. இபின் பதூதாவின் துருக்கியரை நினைத்துக்கொண்டேன். கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு மூன்றாவது இடத்தில் விசாரித்தபோது, வீட்டின் பின்னறையை வாடகைக்கு விடும் ஒரு முஸ்லிம் அம்மையார், "சாப்பிட்டீங்களா?" என்பதைத் தவிர ஒன்றும் கேளாமல் திறப்பைத் தந்தார்.

ஞாயிறு காலை வாவியைச் சுற்றினேன். சுற்றளவு இரண்டு மைல். அவசரமில்லாதவருக்கு ஒரு மணி நேரம். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் வயல்களை மறித்து உண்டாக்கியது. கரையோரத்து 'மேகச் சுவர்' முழுமை பெறவில்லை. அதற்குள் அரசே முடிந்துவிட்டது. 1739 முதல் 1815 வரை நாயக்க வமிசத்தார் நால்வர் இங்கிருந்து ஆண்டனர். கடைசி மன்னனுக்குப் பிள்ளைப் பெயர் கண்ணுசாமி. மரத்தூண் மண்டபமாகிய மகுல் மடுவையிலே 1815 மார்ச் 2ஆந் தேதி பிரதானிகள் நாட்டை ஆங்கிலேயர் கையில் ஒப்புவித்தபோது, அவர்களுட் சிலர் ஒப்பமிட்டது தமிழெழுத்திலே. மன்னனையோ வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கே மாண்டான். தான் வெட்டுவித்த வாவியைத் திரும்பப் பார்க்கவில்லை. 1998 ஜனவரி 25ஆந் தேதிக் குண்டுவெடிப்பிற் சிதைந்த தலதா மாளிகை முகப்பை மீண்டும் செப்பனிட்டுள்ளார்கள். பழுது இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. வாயிலில் என் பையைச் சோதித்த பெண் காவலர் என்னைப் பார்த்து முறுவலித்தார். நானும் முறுவலித்தேன்.

பிற்பகல் ஹந்தானைக்கு ஏறினேன். 1925இற் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று நெடுங்காலம் பாழாய்க் கிடந்து, 2001 முதல் தேயிலை நூதனசாலையாய் விளங்குகிறது. பழைய உருளைப் பொறிகளும், லூல்கந்துரையில் 1867இல் முதன்முதல் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லரின் ஞாபகச் சின்னங்களும் உள்ளே இருக்கின்றன. கொழுந்து கிள்ளியவரின் பெயரைத் தேடுவது வீண். தலைமன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்த பரம்பரை அவர்கள். வழியில் விழுந்தவர் தொகையை யார் எண்ணினார்? 2023ஆம் ஆண்டு, இருநூறு ஆண்டு நினைவாக, அதே வழியிலே ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை பலர் நடந்து காட்டினார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பிரசையல்லர் என்றது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அவர்களுள் எவரும் தாம் விரும்பிய திசையிற் பிரயாணம் செய்ததாகச் சொல்ல முடியாது.

(2025 நவம்பரில் வீசிய டித்வா புயலின்போது மண்சரிவுகளால் கண்டி மாவட்டம் பெருந்துயருற்றது. இங்கே எழுதியிருப்பது அதற்கு முன் நான் கண்ட கோலம்.)

இறங்கும் வழியில், லயத்துக்குத் திரும்பும் ஓர் அம்மாளைக் கண்டேன். ஐம்பது வயதிருக்கலாம். கையில் மாவும் கருவாடும் கட்டிய பை.

"டீச்சரா? தனியாவா வந்தீங்க?"

ஊர் பார்க்க வந்தேனென்றேன். அவர் சிரிக்கவில்லை, யோசித்தார்.

"எம் மகளும் கொழும்புலதாங்க. துணிக்கடையில நிக்கிது. போறப்பப் பதினாறு வயசு. நாந்தான் தனியா பஸ் ஏத்திவிட்டேன். ஏன் தனியா அனுப்புறன்னு ஒருத்தரும் கேக்கல."

சிறிது தூரம் பேசாமல் நடந்தோம். கீழே வாவி ஒரு கண்ணாடித் துண்டுபோலத் தெரிந்தது.

"அடுத்த மாசம் அவளப் பாக்கப் போகணும். கோச்சியில போனதே இல்ல. அந்த மலையெல்லாம் தெரியுமாமே, எந்தப் பக்கம் குந்தணும்?"

"இங்கிருந்து போகும்போது இடப்பக்கம்" என்றேன்.

"இடது," என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, லயத்துப் பாதையில் திரும்பினார்.