கால்வாயோரச் சாப்பாடும் பில்லின் கடைசி வரியும்

கருவாடு எடுக்க வத்தேகமையிலிருந்து நீர்கொழும்புக்குப் போனால், வேலை முடிந்ததும் கால்வாய்ப் பக்கம் ஒரு நடை போவேன். 1644இல் நீர்கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர், கறுவா ஏற்றிப் போக இப்பகுதியில் கால்வாய்கள் வெட்டினார்கள். 1802இல் ஆங்கிலேயர் தொடங்கிய ஹமில்டன் கால்வாய் 1804இல் முடிந்தது. 1678 என்று ஆண்டு பொறித்த ஒல்லாந்தர் கோட்டை வாசலும் அருகில்தான் இருக்கிறது. அன்று சரக்குப் போன இந்த ஊருக்கு இன்று சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அவர்களுக்காகவே சாப்பாட்டுக் கடைகளும் பெருகிவிட்டன.

போன முறை கருவாட்டு வியாபாரிகள் இருவரைப் பகல் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனேன். ஹலால் சான்றிதழ் இருக்கிறதா, அதன் காலம் முடியவில்லையா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். விலைகளை மனதுக்குள் கூட்டினேன். 9,000 ரூபாய். கையில் 10,000 இருந்தது.

பில் 11,520 ரூபாய்! சேவைக் கட்டணம் 10 வீதம், அதாவது 900. வற் வரி 18 வீதம், அதாவது 1,620. விலைப்பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் அதைப் போட்டிருந்தார்கள். விருந்தாளியிடமே 1,520 ரூபாய் கடன் வாங்கி எழுந்தேன்.

இதில் இரண்டு விடயங்களை விளங்கிக்கொள்ள வேண்டும். வற் அரசாங்க வரி. 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். வற்றுக்குப் பதிவு செய்த வியாபாரி மட்டுமே அதை அறவிடலாம். சேவைக் கட்டணம் வரியல்ல, கடைக்காரர் சேர்ப்பது. ஆகவே உட்காரும் முன், "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வியாபாரி விலையைக் காட்சிப்படுத்த வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டும் தர வேண்டும்.

திரும்பி வரும் வழியில் என் கடை நினைவுக்கு வந்தது. சில்லறைக் கடைக்காரர்களுக்குக் கிலோ விலையைச் சொல்லிவிட்டு, பில்லின் அடியில் சாக்குக் காசும் லொறிக் கூலியும் சேர்ப்பவன் நான். பல வருட வாடிக்கையாளர் ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் வராமல் போனார். விலை கூடியதால் போனார் என்றே நினைத்திருந்தேன். கடைசி வரியைப் பார்த்த அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

அடுத்த நாளே எல்லாம் சேர்த்து ஒரே விலையாகப் பலகையில் எழுதினேன். பக்கத்துக் கடையை விட விலை கூடத் தெரிகிறது, உண்மைதான். ஆனால் பில்லைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. உங்கள் பில்லின் கடைசி வரியையும் ஒரு முறை பாருங்கள்.