குப்பையும் காற்றும்

நமது நகரசபைகள் குப்பையைச் சுமந்து ஊருக்கு வெளியே கொட்டப் பணம் செலவிடுகின்றன. தெருவிளக்கு எரியவும் குடிநீர் இறைக்கவும் மின்சாரத்துக்குப் பணம் செலவிடுகின்றன. வீட்டு விறகை வீதியில் எறிந்துவிட்டுச் சந்தையில் விறகு வாங்கும் குடும்பஸ்தனை ஊரார் என்னவென்று சொல்லுவர்? நமது ஸ்தல ஸ்தாபனங்களின் நிலைமை இதுவே.

டென்மார்க் தேசத்தார் இவ்விஷயத்தில் முன்னரே விழித்துக்கொண்டனர். ஆஸ்கோவ் என்னும் கிராமத்தில் போல் லா கூர் என்ற உபாத்தியாயர் 1891-ல் காற்றாலையைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கினார். கோபன்ஹேகனை அடுத்த பிரெடெரிக்ஸ்பெர்க் நகரத்தில் 1903-ல் வீட்டுக் குப்பையை எரித்து, அந்த உஷ்ணத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினர். குளிர் தேசத்தாருக்கு வீட்டைச் சூடாக்குவதே முதற்கவலை.

நமக்கு வேண்டிய உஷ்ணமோ அடுப்புக்கு. நமது குப்பையும் வேறு. பெரும்பாலும் காய்கறித் தோலும் சோற்று மிச்சமுமான ஈரக் குப்பை. அதை உலையிலிட்டால் நீரை வற்றச் செய்வதிலேயே உஷ்ணம் விரயமாகும். காற்றுப் புகாத தொட்டியில் புளிக்கவிட்டால் எரிவாயு கிடைக்கும். மிஞ்சுவது வயலுக்கு உரமாகும். ஆதலால் அயல்நாட்டு உலையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவருதல் விவேகமன்று என்பது நமது அபிப்பிராயம்.

காற்று நமக்கு யதேஷ்டம். பாலக்காடு, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் வைகாசி முதல் புரட்டாசி வரை அது பலமாக வீசுகிறது. கோயமுத்தூர் ஜில்லா ஓடந்துறைப் பஞ்சாயத்து, சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலையொன்றை 2006-ல் சொந்தமாக நிறுவிற்று. தன் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை மின்சார வாரியத்துக்கு விற்றுக் கடனையும் அடைத்தது. ஒரு கிராமத்தால் ஆனது பெரிய நகரசபைகளால் ஆகாதா?

காற்று பருவம் பார்த்து வரும். குப்பை தினந்தோறும் வரும். நகரத்தின் தேவை முழுவதும் இவற்றால் தீருமென்று நாம் சொல்லவில்லை. பள்ளிச் சத்துணவுக் கூடத்து அடுப்பும் வார்டுத் தெருவிளக்கும் எரிந்தாலே போதும். கொட்டுமிடத்துப் புகையில் மூச்சுத் திணறும் ஏழை ஜனங்களுக்கு அதுவே பெரிய உபகாரம்.

வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கவேண்டுமென்று 2016-ல் சர்க்கார் விதி செய்தது. விதி காகிதத்தில் இருந்து பயனில்லை. பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கலந்த குப்பையால் தொட்டி கெடும். போட்ட முதலும் பாழாகும். வோட்டுக்காக வீடு வீடாக ஏறி இறங்கும் ஊழியர்கள் இதற்காகவும் ஒருமுறை ஏறி இறங்கட்டும். நகரசபை அங்கத்தினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே வார்டுக்கு ஒரு தொட்டிக்குப் பணம் ஒதுக்கட்டும். தன் குப்பையைத் தானே ஆளத் தெரியாத ஊருக்கு ஸ்தல சுயாட்சி என்பது வெறும் பெயரேயாகும்.