விரால் குஞ்சா, குறவைக் குஞ்சா?

ஏரி, வாய்க்கால்களில் பிடித்து விற்கப்படும் விரால் குஞ்சுகளில் குறவையும் கலந்திருப்பதுண்டு. விரால் ஒரு கிலோவுக்கு மேல் வளரும். குறவையோ பெரும்பாலும் 30 செ.மீ. நீளத்தைத் தாண்டாது. தெரியாமல் குட்டையில் விட்டால் தீவனச் செலவு கைக்கு வராது.

நிறத்தை நம்பி வாங்கக்கூடாது. செம்மஞ்சளாக இருக்கும் விரால் குஞ்சு வளர வளரக் கறுத்துவிடும். ஆனால் துடுப்பு நரம்புகளின் எண்ணிக்கை மாறாது.

விரல் நீளக் குஞ்சுகளில் பத்தை ஆங்காங்கே அள்ளி எடுக்கவும். காற்றையும் சுவாசிக்கும் மீனாதலால் ஈரத்துணியில் சற்று நேரம் தாங்கும். முதுகுத் துடுப்பை விரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் நரம்புகளை எண்ணவும். 37 முதல் 46 வரை இருந்தால் விரால். 28 முதல் 33 வரை இருந்தால் குறவை. பத்தில் ஒன்று குறவையானாலும் அந்தக் குஞ்சுகளை வாங்காமல் தவிர்ப்பது நல்லது.