காரின் இன்ஜின் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும்?



சொந்த ஊரை விட்டுப் பெங்களூரில் குடியேறிய நம் குடும்பங்கள் பல, ஆண்டுக்கணக்காகச் சேமித்தோ வங்கியில் கடன் பெற்றோ ஒரு கார் வாங்குகின்றன. பெரும்பாலும் அது ஏற்கெனவே ஒருவரிடம் ஓடிய காராகவே இருக்கிறது. அதன் இன்ஜின் ஆயிலை எப்போது மாற்றுவது என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. வயதான மெக்கானிக் 5,000 கி.மீ. என்கிறார். காரோடு வந்த கையேடு 10,000 என்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோ, மூன்று வருடமாகத் தாம் மாற்றவே இல்லை, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது என்கிறார். (அவருடைய காரை மாத்திரம் ஒருவரும் விலைக்கு வாங்க வேண்டாம்.)

மெக்கானிக்கின் கணக்கு ஆதாரமற்றதல்ல. அம்பாசிடரும் பழைய மாருதி 800-உம் ஓடிய நாட்களில் கார்புரேட்டர் தேவைக்கு மேல் பெட்ரோலை விட்டு ஆயிலை நீர்க்கச் செய்தது. அன்றைய ஆயிலும் விரைவில் கெட்டுப்போயிற்று. இன்று எரிபொருள் அளந்து செலுத்தப்படுகிறது. சிந்தெடிக் ஆயில் வெப்பத்தை அதிகம் தாங்குகிறது. ஆயிலில் அமிலம் சேரக் காரணமான கந்தகமும், 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் வந்த பி.எஸ்.6 எரிபொருளில் மிகக் குறைவு. ஆகையால் 10,000 என்பது ஏமாற்று வேலையல்ல.

எனினும் கையேட்டில் அந்த எண்ணை அடுத்து வரும் சொற்களைப் பலர் வாசிப்பதில்லை. "அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அது" என்னும் பொருளில் அங்கே எழுதியிருக்கும். வேறொரு பக்கத்தில் "கடுமையான பயன்பாடு" என்ற அட்டவணையும் இருக்கும். குறுகிய தூர ஓட்டம், நின்று நின்று செல்லும் நெரிசல், தூசி நிறைந்த சாலை ஆகியவற்றில் ஓடும் வண்டிக்கு ஆயிலை முன்னதாகவே, பல கார்களில் ஏறக்குறையப் பாதி இடைவெளியிலேயே, மாற்றும்படி அது சொல்லும். சில்க் போர்டு சந்திப்பையும் மாரத்தஹள்ளியையும் தினந்தோறும் கடக்கிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். டாம்டாம் நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பெங்களூரின் மையப் பகுதியில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 29 நிமிடம் ஆயிற்று. அதாவது மணிக்கு 20 கி.மீ.யைச் சற்றே தாண்டிய வேகம். அந்த வேகத்தில் 10,000 கி.மீ. ஓட இன்ஜின் ஏறத்தாழ 500 மணி நேரம் இயங்க வேண்டும். ஓசூரைத் தாண்டிய நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அதே தூரத்துக்கு 167 மணி நேரம் போதும். தூரம் காட்டும் மீட்டரில் இரண்டும் ஒன்றுதான். ஆயிலுக்கோ ஒன்று மற்றதைப்போல் மூன்று மடங்கு உழைப்பு. சிக்னலில் வண்டி நிற்கும்போது மீட்டர் நகராது. இன்ஜின் ஓடுகிற வரையில் ஆயில் சூடேறிச் சுழன்றுகொண்டேயிருக்கும்.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. வாரம் முழுவதும் நின்று, ஞாயிறு ஆராதனைக்கு மாத்திரம் மூன்று கி.மீ. போய்வரும் கார் ஆண்டுக்கு 2,000 கி.மீ.கூட ஓடாது. "இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறதே" என்று அதன் உரிமையாளர் நினைக்கிறார். ஆனால் மார்கழிக் காலையின் குளிரில் கிளப்பி, முழுச் சூடு ஏறுமுன் அணைக்கப்படும் இன்ஜினில், எரிபொருள் எரிவதால் உண்டாகும் நீராவி ஆவியாகி வெளியேறாமல் ஆயிலோடு கலக்கிறது. எரியாத பெட்ரோலும் சேருகிறது. ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் நிறத்தில் படிவு தென்பட்டால் பெரும்பாலும் இதுவே காரணம். (கூலன்ட் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு கோளாறு, உடனே காட்ட வேண்டும்.) இத்தகைய காருக்கு மாதக் கணக்கே பொருந்தும்.

என் கருத்தில், நகருக்குள்ளேயே ஓடும் காருக்கு 5,000 முதல் 7,000 கி.மீ. அல்லது கையேட்டின் கடுமையான பயன்பாட்டு அட்டவணை, இவற்றில் குறைந்ததைக் கொள்வது நலம். எவ்வளவு குறைவாக ஓடினாலும் ஓராண்டைத் தாண்ட விடலாகாது. பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர் 10,000 வரை தயங்காமல் போகலாம். 3,000 கி.மீ.க்கே மாற்றச் சொல்லுகிறவர்களுக்குச் செவிகொடுக்க வேண்டியதில்லை. ஆயில் கறுத்துவிட்டது என்பதும் காரணமாகாது. கரியைத் தன்னில் தாங்கிக்கொள்வது ஆயிலின் வேலை. டீசல் காரில் மாற்றிய சில நாட்களிலேயே அது கறுத்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு நாகர்கோவில் புறப்படுகிறவர்கள் ஆயிலின் அளவையாவது பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். போகவர 1,300 கி.மீ.க்குக் குறையாது, குடும்பமும் மூட்டைகளுமாகத் திரும்புகையில் தொப்பூர்க் கணவாயில் ஏறவும் வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, அளவுக்கம்பியைத் துடைத்து மறுபடி செருகி எடுத்தால் ஆயில் இரு குறிகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். மேல் குறியைத் தாண்ட ஊற்றுவதும் கேடு. வழியில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், அடுத்த ஊர் வரை போகலாம் என்று எண்ணாமல் அங்கேயே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள்.

ஆயில் வாங்கும்போது 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று கையேடு கூறும் தரத்தையே கேளுங்கள். கெட்டியானது நல்லது என்பது பழைய எண்ணம். புகைவடிகட்டி உள்ள பி.எஸ்.6 டீசல் காருக்கு அதற்கென்ற சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். ஜே.சி. ரோடு கடைகளில் மலிவாகக் கிடைக்கிறதென்று பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஆயில் பில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். காலி டப்பாவைக் கிழித்துப்போடுங்கள். அதில் போலி ஆயில் நிரப்புகிறவர்கள் உண்டு. சிறிய பெட்ரோல் காரில் இறக்கிய ஏறத்தாழ மூன்று லிட்டர் பழைய ஆயிலை மெக்கானிக் எங்கே ஊற்றுகிறார் என்றும் பாருங்கள். சட்டப்படி அது அபாயகரமான கழிவு. அதைச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும். தெரு ஓரத்து மழைநீர்க் கால்வாயில் கவிழ்த்தால் அது பெல்லந்தூர் ஏரிக்கோ வர்த்தூர் ஏரிக்கோ போய்ச் சேரும்.