ஒரே குடும்பம், நான்கு கதைகள்: அதிபர் ஜெஃபர்சன் வம்சாவளியில் டி.என்.ஏ. சோதனை சொன்னது என்ன?

1873 மார்ச் மாதம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பைக் கவுன்ட்டி என்ற பகுதியின் உள்ளூர் செய்தித்தாளில் 68 வயது தச்சர் ஒருவரின் வாழ்க்கைக் கதை வெளியானது. அவர் பெயர் மேடிசன் ஹெமிங்ஸ். அடிமையாகப் பிறந்து, பிறகு விடுதலை பெற்றவர்.

அதில் அவர் சொன்ன ஒரு தகவல்தான் அடுத்த 125 ஆண்டுகளுக்குச் சண்டையாகவே ஓடியது. தன் தந்தை தாமஸ் ஜெஃபர்சன் என்றார் அவர். ஆமாம், அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய, அந்நாட்டின் 3-வது அதிபரான அதே ஜெஃபர்சன்தான்.

அதிபரின் பேரப் பிள்ளைகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோரும் பேரப் பிள்ளைகள் பக்கமே நின்றார்கள். இரண்டு பக்கமும் இருந்தது வாய்மொழிதான். ஆனால் ஒருவர் சொன்னது 'சாட்சியம்' ஆனது, இன்னொருவர் சொன்னது 'வதந்தி' ஆனது.

யார் சொன்னது சரி? அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பார்க்கலாம்.

யார் இந்த சாலி ஹெமிங்ஸ்?

மேடிசனின் தாய் சாலி ஹெமிங்ஸ். இவரை ஜெஃபர்சன் வீட்டு அடிமை என்று மட்டும் சொன்னால் கதை பாதிதான் புரியும்.

சாலியின் தாய் எலிசபெத் ஹெமிங்ஸ், ஜான் வேல்ஸ் என்ற வர்ஜீனியா பண்ணையாரின் அடிமை. எலிசபெத்துக்கும் அந்தப் பண்ணையாருக்கும் பிறந்த 6 பிள்ளைகளில் ஒருவர் சாலி. அதே பண்ணையார் தன் மனைவி மூலம் பெற்ற மகள் மார்த்தா. அந்த மார்த்தாவைத்தான் ஜெஃபர்சன் கல்யாணம் செய்தார். அதாவது சாலி, ஜெஃபர்சனுக்குக் கொழுந்தியாள் முறை. ஆனால் மாமனார் இறந்ததும் சொத்தோடு சொத்தாக எலிசபெத்தும் பிள்ளைகளும் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ பண்ணைக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கா எஜமானி, தங்கை அடிமை.

இது எப்படி சாத்தியம் என்று தோன்றலாம். வர்ஜீனியாவில் 1662-லேயே சட்டம் போட்டிருந்தார்கள்: தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, தந்தை யாராக இருந்தாலும் சரி. தந்தை யார் என்று எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போனதும் இந்தச் சட்டத்தால்தான். வம்சாவளி தேடுபவர்கள் இன்றைக்கும் முட்டிக்கொள்வது இங்கேதான்.

மார்த்தா 1782-ல் இறந்தார். ஜெஃபர்சன் மறுமணம் செய்யவில்லை. 1787-ல் அவர் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது, அவருடைய இளைய மகளுக்குத் துணையாக சாலி அங்கே அனுப்பப்பட்டார். சாலிக்கு அப்போது 14 வயது, ஜெஃபர்சனுக்கு 44.

பிரான்ஸில் சட்டப்படி விடுதலை கேட்டு சாலி அங்கேயே இருந்திருக்கலாம். மேடிசன் சொன்னபடி, அம்மா முதலில் ஊர் திரும்ப மறுத்தார். பிறக்கும் பிள்ளைகளுக்கு 21 வயதில் விடுதலை தருவதாக ஜெஃபர்சன் வாக்குக் கொடுத்த பிறகே 1789-ல் வர்ஜீனியா திரும்பினார். இதைக் 'காதல் கதை' என்று எழுதியவர்கள் உண்டு. மறுத்துப் பேச சட்டத்தில் இடமே இல்லாத ஒரு சிறுமியின் விஷயத்தில் அந்தச் சொல் பொருந்துமா என்ன?

பிறந்த பிள்ளைகளில் நான்கு பேர் வளர்ந்து ஆளானார்கள். பெவர்லி (இவர் ஆண்), ஹாரியட், மேடிசன், எஸ்டன்.

காகிதத்தில் எவ்வளவு கிடைத்தது?

அமெரிக்காவில் ஒரு குடும்பத்தின் வேரைத் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை. 72 ஆண்டுகள் கழித்துத்தான் தனிநபர் விவரங்கள் வெளியாகும். 1950-ம் ஆண்டு பதிவு 2022 ஏப்ரல் 1-ல்தான் வெளியானது.

வெள்ளையர் குடும்பம் என்றால் இப்படியே படிப்படியாகப் பின்னால் போகலாம். கறுப்பினக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் 1870-ல் பாதை நின்றுவிடும். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் இருந்தது. அதில் எஜமானர் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். அடிமையின் பெயர் இருக்காது.

ஹெமிங்ஸ் குடும்பம் இந்தச் சுவரைத் தாண்டியதற்குக் காரணம் ஜெஃபர்சனேதான். மனிதர் எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டார். 'பண்ணைப் புத்தகம்' என்று ஒரு நோட்டு. யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருக்கு எத்தனை போர்வை, எவ்வளவு துணி என்று எல்லாம் அதில் உண்டு. சாலியின் பிள்ளைகள் பிறந்ததும் உண்டு. தந்தை பெயர் மட்டும் இல்லை.

ஆனால் இன்னொரு கணக்கு சிக்கியது. அரசுப் பணிக்காக ஊர் ஊராகப் போனவர் ஜெஃபர்சன். அவர் எந்தத் தேதியில் எங்கே இருந்தார் என்பது கடிதங்களிலும் கணக்கு நோட்டுகளிலும் பதிவாகியிருக்கிறது. சாலியின் ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த தேதியிலிருந்து 9 மாதம் பின்னால் போனால், ஒவ்வொரு முறையும் ஜெஃபர்சன் மான்டிசெல்லோவில் இருந்திருக்கிறார். அவர் ஊரில் இல்லாத காலத்தில் சாலி ஒருமுறைகூடக் கருவுறவில்லை.

1870-ல் ஒஹையோவில் கணக்கெடுக்க வந்த அலுவலர், மேடிசன் பெயருக்குப் பக்கத்தில் இவர் தாமஸ் ஜெஃபர்சனின் மகன் என்று ஓரத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமே கிடையாது!

ஒரே வேர்... நான்கு கதை

இங்கதான் ட்விஸ்ட். இந்த ஒரு விஷயத்தைப் பற்றி நான்கு குடும்பக் கிளைகளில் நான்கு விதமாகச் சொல்லி வந்தார்கள்.

ஜெஃபர்சனின் பேரன் சொன்னது: சாலியின் பிள்ளைகளுக்குத் தந்தை, தாத்தாவின் சகோதரி மகன் பீட்டர் கார். பேத்தி சொன்னது: பீட்டர் இல்லை, அவருடைய சகோதரர் சாமுவேல் கார். இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறது. இருந்தாலும் புத்தகம் புத்தகமாக இதுதான் ஏறியது.

மேடிசனின் வாரிசுகள் அவர் சொன்னதையே அப்படியே பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள்.

தாமஸ் உட்சன் என்பவரின் வாரிசுகள், தங்கள் முன்னோர்தான் பாரிஸில் கருவாகி ஊர் திரும்பியதும் பிறந்த சாலியின் முதல் பிள்ளை என்றார்கள். ஒருவரோடு ஒருவர் தொடர்பே இல்லாத கிளைகளிலும் இதே கதை இருந்தது. அதனாலேயே பலரும் இதை நம்பினார்கள்.

நான்காவது, எஸ்டனின் குடும்பம். வயலின் வாசிப்பவர் எஸ்டன். ஒஹையோவில் கலப்பினத்தவராக வாழ்ந்தவர், 1852-ல் குடும்பத்தோடு விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்தார். போகும்போது பெயரை எஸ்டன் ஹெமிங்ஸ் ஜெஃபர்சன் என்று மாற்றிக்கொண்டார். அங்கே அவர்கள் வெள்ளையர். மூத்த மகன் ஜான் வேல்ஸ் ஜெஃபர்சன், உள்நாட்டுப் போரில் விஸ்கான்சின் படைப்பிரிவில் கர்னல் வரை உயர்ந்தார். ஊர்க்காரர் ஒருவரை அங்கே பார்த்தபோது, தன் பூர்வீகத்தைப் படையில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டாராம்.

ரகசியத்தைக் காப்பாற்ற பிற்காலத்தில் அந்தக் குடும்பம் கதையையே மாற்றியது. நாம் ஜெஃபர்சனின் சித்தப்பா வழி வந்தவர்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். ஹெமிங்ஸ் என்ற பெயரே அடுத்தடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போனது. 1974-ல் ஃபான் பிரோடி எழுதிய ஜெஃபர்சன் வாழ்க்கை வரலாறு வெளியானது. அதைப் படித்த அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவர் 'எஸ்டன்' என்ற பெயரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டில் பெரியவர்கள் வாயில் கேட்ட பெயராச்சே!

டி.என்.ஏ. எப்படி முடிச்சை அவிழ்த்தது?

யூஜின் ஃபாஸ்டர் என்ற ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் மருத்துவர் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். ஒய் குரோமோசோம் என்பது அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று ஆண் வழியில் மட்டும் இறங்கும். நம்ம இனிஷியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இனிஷியலை மாற்றலாம், இதை மாற்ற முடியாது.

சிக்கல் என்னவென்றால், மார்த்தா மூலம் ஜெஃபர்சனுக்கு வளர்ந்து ஆளான மகன் கிடையாது, மகள்கள் மட்டுமே. அதனால் அவருடைய தந்தையின் உடன்பிறந்தவரான ஃபீல்டு ஜெஃபர்சனின் ஆண் வழி வாரிசுகள் 5 பேரிடம் ரத்த மாதிரி எடுத்தார்கள். கார் குடும்பத்தில் 3 பேர், உட்சன் குடும்பத்தில் 5 பேர், எஸ்டன் வழியில் ஒரே ஒருவர்.

1998 நவம்பரில் 'நேச்சர்' அறிவியல் இதழில் முடிவு வந்தது. எஸ்டன் வாரிசின் ஒய் குரோமோசோம் ஜெஃபர்சன் குடும்பத்தோடு ஒத்துப்போனது. கார் சகோதரர்கள் எஸ்டனின் தந்தையாக இருக்க வாய்ப்பில்லை என்று ஆனது. உட்சன் குடும்பத்துக்குப் பொருத்தமே இல்லை.

ஒரே நாளில் இரண்டு கதைகள் சரிந்தன. பேரப் பிள்ளைகளின் கதை, உட்சன் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பொத்திப் பாதுகாத்த கதை. முடிவோடு ஒத்துப்போனது, செய்தித்தாளில் ஒரு தச்சர் சொன்ன கதைதான்.

அப்படியானால் ஜெஃபர்சன்தான் தந்தை என்று டி.என்.ஏ. நிரூபித்துவிட்டதா? இல்லை. இந்த இடத்தில் பல செய்திகள் சறுக்கிவிடுகின்றன. அந்தக் குரோமோசோம் ஜெஃபர்சனின் தம்பி ராண்டால்ஃபுக்கும் அவர் மகன்களுக்கும் இருந்திருக்கும். ஜெஃபர்சன் குடும்பத்து ஆண் ஒருவர் என்பது வரைதான் சோதனை சொல்லும். மீதியைச் சொல்வது அந்த 9 மாதக் கணக்கும், மேடிசனின் வாக்குமூலமும், சாலியின் பிள்ளைகள் மட்டும் அத்தனை பேரும் விடுதலை பெற்றார்கள் என்பதும்தான். டி.என்.ஏ.வுக்கு முந்தைய ஆண்டே சட்டப் பேராசிரியர் அனெட் கார்டன்-ரீட் இந்த ஆதாரங்களை அடுக்கி, ஒரே மாதிரியான சாட்சியத்தை இனத்தைப் பார்த்து இரண்டு தராசில் நிறுத்தார்கள் என்று தன் புத்தகத்தில் காட்டியிருந்தார்.

மான்டிசெல்லோவை நிர்வகிக்கும் அறக்கட்டளை 2000-ல் மேடிசன் தரப்பை ஏற்றது. அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர்களின் தேசிய சங்கத்தின் இதழும் 2001-ல் அதே முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு வேறொரு அறிஞர் குழுவில் பெரும்பாலோர், இது நிரூபிக்கப்படவில்லை, தம்பியாக இருக்கலாம் என்றார்கள். அந்தத் தரப்பு இன்றும் இருக்கிறது. ஆனால் 1998-க்கு முன்பு தம்பியைக் கைகாட்டியவர்கள் அரிது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கல்லறையில் இடம் உண்டா?

இதெல்லாம் 200 வருஷத்துக்கு முந்தைய கதை, இப்போது என்ன என்று கேட்கலாம். மான்டிசெல்லோவில் ஜெஃபர்சன் புதைக்கப்பட்ட குடும்பக் கல்லறை இருக்கிறது. அது அவருடைய மகள்கள் வழி வந்த வாரிசுகளின் சங்கத்துக்குச் சொந்தம். உறுப்பினர் என்றால் அங்கே அடக்கமாகும் உரிமை உண்டு.

டி.என்.ஏ. முடிவுக்குப் பிறகு 1999-ல் ஹெமிங்ஸ் வாரிசுகள் அந்தச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு விருந்தினர்களாக வந்தார்கள். உறுப்பினராகச் சேர்ப்பதா என்று 2002-ல் வாக்கெடுப்பு நடந்தது. பெருவாரியான வாக்குகளில் மறுத்துவிட்டார்கள். அதே கூட்டத்தில் சேர்க்கச் சொல்லி வாக்களித்த சிலரும் ஜெஃபர்சன் ரத்தம்தான்.

கூடுதல் ஆதாரம் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, மேடிசனின் மகன் வில்லியமின் கல்லறை கன்சாஸ் மாநிலத்தில் இருப்பது தெரியவந்தது. தோண்டி எடுத்துச் சோதிக்கலாமே என்றார்கள். வாரிசுகள் சம்மதிக்கவில்லை. தங்கள் குடும்பத்தில் சொல்லி வந்தது அவர்களுக்குப் போதும்.

சாலி 1835-ல் இறந்தார். அவருடைய கல்லறை எங்கே என்பது யாருக்கும் தெரியாது. அவர் முகம் எப்படி இருக்கும் என்று சொல்ல ஒரு ஓவியம்கூட இல்லை. அவர் வாழ்ந்திருக்கலாம் என்று கருதப்படும் அறை, 1941-ல் சுற்றுலாப் பயணிகளுக்கான கழிப்பறையாக மாற்றப்பட்டிருந்தது. அதைச் சீரமைத்து 2018-ல் கண்காட்சியாகத் திறந்தார்கள். உள்ளே சாலிக்குப் பதில் ஒரு நிழலுருவம்தான் இருக்கிறது.

இன்னும் கிடைக்காத இரண்டு பேர்

பெவர்லியும் ஹாரியட்டும் 1822-ல் மான்டிசெல்லோவை விட்டுப் போனார்கள். ஓடிப்போனார்கள் என்று பண்ணைப் புத்தகத்தில் குறிப்பு. ஆனால் யாரும் தேடவில்லை. ஜெஃபர்சன் சொல்லித்தான் ஹாரியட்டுக்குப் பயணக் கட்டணமும் 50 டாலரும் கொடுத்து அனுப்பினேன் என்று பண்ணை மேற்பார்வையாளரே பிற்காலத்தில் சொன்னார்.

இருவரும் வெள்ளையர்களாக வாழ்ந்து, வெள்ளையர்களை மணந்து, பிள்ளை குட்டி பெற்றார்கள் என்கிறார் மேடிசன். ஹாரியட் வாஷிங்டனில் நல்ல நிலையில் இருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாராம். அந்தக் கணவரின் பெயர் மேடிசனுக்குத் தெரியும். 1873-ல் அத்தனையும் வெளிப்படையாகச் சொன்ன அவர், அந்தப் பிள்ளைகளின் பூர்வீகம் குறித்து அவர்கள் வாழ்ந்த ஊரில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை என்று சொல்லி, அந்த ஒரு பெயரை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். ஆய்வாளர்கள் இன்றுவரை அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.