தகடு மடிப்பு அச்சு

தகடு மடிப்பு அச்சு என்பது பிரஸ் பிரேக் எனப்படும் எந்திரத்தில் உலோகத் தகட்டைக் குறித்த கோணத்திற்கு மடிக்கப் பயன்படும் கருவி இணை ஆகும். மேலே இருப்பது பஞ்ச் என்றும், கீழே 'வி' வடிவப் பள்ளம் கொண்டது டை என்றும் பட்டறைகளில் வழங்கப்படுகின்றன.

வாயகலம்

அச்சுத் தெரிவில் முதலில் முடிவு செய்ய வேண்டியது டையின் வாயகலம் ஆகும். மென்னெஃகுக்கு இது தகட்டின் தடிமனைப் போல் 8 மடங்காகக் கொள்ளப்படுகிறது. மெல்லிய தகடுகளுக்கு 6 மடங்கும், 10 மி.மீ.க்கு மேற்பட்டவற்றுக்கு 10 மடங்கும் வழக்கம்.

இன்று பெரும்பாலான மடிப்புகள் 'காற்று மடிப்பு' முறையில் செய்யப்படுகின்றன. இதில் தகடு பள்ளத்தின் அடியைத் தொடுவதில்லை. ஆகவே மடிப்பின் உள் ஆரத்தைப் பஞ்சின் முனை தீர்மானிக்கிறது என்ற பரவலான எண்ணம் பொதுவாகப் பொருந்தாது. மென்னெஃகில் உள் ஆரம் வாயகலத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடாக அமையும். துருவேறா எஃகில் இது 20 விழுக்காட்டிற்கும் மேல் செல்லும். முனை ஆரம் இயல்பாக உருவாகும் ஆரத்தை விடப் பெரிதாக இருந்தால் மட்டுமே தகடு முனையின் வடிவைப் பெறும்.

விசை

தேவைப்படும் விசை வாயகலத்திற்கு எதிர் விகிதத்திலும், தடிமனின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் மாறும். இழுவலிமை 450 நியூட்டன்/ச.மி.மீ. உள்ள 2 மி.மீ. மென்னெஃகுத் தகட்டை 16 மி.மீ. வாயகலத்தில் மடிக்க, மீட்டருக்கு ஏறத்தாழ 16 டன் விசை வேண்டும். அதே தகட்டின் மடிப்பு விளிம்பு 8 மி.மீ. மட்டுமே எனில் இந்த டை உதவாது. விளிம்பு வாயகலத்தில் 0.7 பங்காவது, அதாவது 11 மி.மீ. இல்லையெனில், தகட்டின் ஓரம் பள்ளத்துள் நழுவிவிடும். 10 மி.மீ. வாயகலத்திற்கு மாறினால் விசை மீட்டருக்கு 26 டன்னாக உயர்கிறது. 2.5 மீட்டர் நீளத் தகட்டிற்கு மொத்தம் 65 டன். முதல் டையில் 41 டன்னில் முடிந்த வேலையை 60 டன் எந்திரம் இப்போது செய்ய இயலாது. இத்தகைய நிலையில் வரைபடத்தில் விளிம்பின் அளவை மாற்றுவதே பெரும்பாலும் எளிய வழி.

எந்திரத்தின் திறன் மட்டுமன்றி, அச்சு மீட்டருக்குத் தாங்கும் சுமையும் கருதப்பட வேண்டும். இது பொதுவாக அச்சின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். இதை மீறினால் கடினமாக்கப்பட்ட அச்சு உடைந்து சில்லுகள் தெறிக்கக்கூடும். குட்டையான துண்டுகளை மடிக்கும்போது எந்திரத்தின் மொத்தத் திறன் மிகுதியாக இருப்பதால் இந்த இடர் அதிகம்.

கோணமும் வடிவமும்

விசை நீங்கியதும் தகடு சற்றே விரியும். இது மென்னெஃகில் ஏறத்தாழ 1 பாகை, துருவேறா எஃகில் 2 முதல் 3 பாகை. எனவே 90 பாகை மடிப்பிற்கு 88 பாகை அல்லது அதனினும் குறுகிய அச்சுகள் தெரிவு செய்யப்படுகின்றன. பெட்டி போன்ற பொருள்களில் முன்பு மடித்த பக்கம் பஞ்சில் இடிக்காதிருக்க, வாத்தின் கழுத்துப் போல் வளைந்த பஞ்ச் பயன்படுகிறது. வளைவின் காரணமாக அது நேரான பஞ்சை விடக் குறைந்த சுமையையே தாங்கும்.

பொருத்தும் முறைகளும் ஒன்றல்ல. ஐரோப்பிய வகைப் பஞ்சின் பிடிப்பகுதி 13 மி.மீ., அமெரிக்க வகையினது 12.7 மி.மீ. அகலம் கொண்டவை. வேறுபாடு சிறிதாயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பொருத்துவதில்லை.