சொல்லே இல்லாத சித்திர நாவல்

ஷான் டானின் ‘தி அரைவல்’ 128 பக்கமுள்ள சித்திர நாவல். அதில் வாசிக்க ஒரு சொல்கூடக் கிடையாது. மனைவியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டுப் பிழைப்புத் தேடிக் கப்பலேறும் ஒருவரின் கதை அது. சொந்த ஊர்த் தெருக்களின் மேல் ராட்சத வால்கள் நிழலாக நெளிகின்றன. அது போரா, பஞ்சமா, கொடுங்கோல் ஆட்சியா என்பதை நாமே ஊகிக்க வேண்டியதுதான். போய்ச் சேரும் நகரமோ எந்த வரைபடத்திலும் இல்லாதது.

1974இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர் டான். அவருடைய தந்தை மலேசியாவிலிருந்து அங்கே படிக்கப் போனவர். 2006இல் இந்தப் புத்தகம் வெளிவருவதற்கு முன், டான் ஆண்டுக்கணக்கில் இதற்காக உழைத்தார். நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் வந்திறங்கியவர்களின் பழைய புகைப்படங்களைத் தேடிப் பார்த்தார். காட்சிகளை நடித்துப் படம் எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பென்சிலால் வரைந்தார். பழுப்பேறிய குடும்ப ஆல்பத்தைப் புரட்டுவது போலவே இருக்கும். வித்தையின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. கோட்டின் சுருக்கம், தொப்பியின் மடிப்பு, முகத்தின் களைப்பு எல்லாம் அச்சு அசலாக இருப்பதால், பக்கத்தில் நிற்கும் விசித்திரப் பிராணியையும் கண் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறது.

முதல் பக்கத்தைப் பாருங்கள். ஒன்பது சிறு கட்டங்கள். காகிதப் பறவை, கடிகாரம், தொப்பி, குழந்தை வரைந்த படம், பெட்டி... ஒரு வீட்டின் சாமான்கள், அவ்வளவே. அடுத்தடுத்த பக்கங்களில்தான் இது பிரிவின் காலை என்று புரிகிறது. சித்திரக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே வெறும் இடைவெளிதான் இருக்கும். அங்கே நடப்பதை வாசகர் தன் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். வசனமும் இல்லாதபோது அந்த வேலை இரட்டிப்பாகிறது. கடல் பயணம் எவ்வளவு நீண்டது என்று டான் எழுதிக் காட்டவில்லை. இரண்டு பக்கம் நிறைய, விதவிதமான மேகங்களைச் சின்னச் சின்னக் கட்டங்களில் அடுக்கிவிட்டார். அவற்றைக் கடந்து முடிப்பதற்குள் நாட்கள் போய்விட்டதை உணர்கிறோம்.

புது நகரத்துப் பலகைகளில் இருக்கும் எழுத்தும் டான் உருவாக்கியதே. ரோமன் எழுத்துகளைத் துண்டு துண்டாக்கி மாற்றி ஒட்டியது; யாராலும் வாசிக்க முடியாது. அதனால் அந்த மனிதர் படும் பாட்டை நாமும் படுகிறோம். படுக்க இடம் கேட்கக் கட்டிலை நோட்டில் வரைந்து காட்டுகிறார். சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்ததும் எல்லாவற்றையும் தலைகீழாக ஒட்டித் தொலைக்கிறார். ‘மொழி தெரியாத ஊர்’ என்று ஆயிரம் வரி எழுதினாலும் இந்தத் தவிப்பு வராது.

2008இல் பிரான்சின் ஆங்குலேம் விழாவில் ஆண்டின் சிறந்த சித்திரக்கதை விருது இதற்குக் கிடைத்தது. 2011இல் டானுக்கு ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் நினைவு விருதும், ‘தி லாஸ்ட் திங்’ குறும்படத்துக்காக ஆஸ்கரும் வந்தன.

கிடைத்தால் வாங்குங்கள். கால் மணி நேரத்தில் புரட்டி மூடிவிடாமல், ஒவ்வொரு கட்டத்திலும் நின்று பாருங்கள். எழுத்து கற்காத பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்க இருவருக்கும் தகுதி ஒன்றுதான்.